மேட்டைவிட்டு இறங்காத மரேரோ

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நீ தாத்தா ஆன செய்தியைப் படித்ததும் மல்லிகா உடனே உங்கள் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். இங்கே எல்லாரும் சௌக்கியம். போன வாரம் நல்ல மழை, கிணறு பாதி நிறைந்திருக்கிறது.

'அறுபது ஆகப்போகிறது, தோளும் ஒத்துழைப்பதில்லை, இனி மைதானத்துப் பக்கமே போகப்போவதில்லை' என்று எழுதியிருந்தாயே, அந்த வரி மனதை என்னவோ செய்தது. உன் லெக் ஸ்பின்னிடம் நாலு வருஷம் திணறியவன் நான். அதனால்தான் ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

கொன்ராடோ மரேரோ. கியூபாக்காரர், பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து எறிபவர். 1911-ல் பிறந்த கிராமத்து மனிதர். உயரம் 5 அடி 5 அங்குலம்தான். முப்பது வயது தாண்டியும் சம்பளமில்லாத அமெச்சூர் ஆட்டம்தான் ஆடிக்கொண்டிருந்தார். 1941 அமெச்சூர் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில், ஹவானாவில் சொந்த ஜனங்கள் முன்னால், வெனிசுவேலாவின் பிட்சர் கானோனிகோவிடம் தோற்றார். அடுத்த வருஷம் அதே கானோனிகோவை எதிர்த்து எறிந்து ஜெயித்தார்.

அமெரிக்காவின் பெரிய லீக்கில், வாஷிங்டன் அணிக்காக முதல் பந்து போட்டது 1950 ஏப்ரலில். அப்போது 39 வயது நிறையச் சில நாள்தான் பாக்கி! மற்றவர்கள் மூட்டை கட்டும் வயது அது. இவர் ஐந்து சீசன் ஆடினார். வேகத்தை நம்பி எறிந்தவர் இல்லை, வளைவும் நிதானமும்தான் அவர் சொத்து. அதைப் படித்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. 40-வது பிறந்தநாளுக்கு மறுநாள் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஆட்டம் முழுக்க ஒரே ஒரு ஹிட்தான், அதாவது அடித்தவர் அவுட்டாகாமல் ஓடிச் சேரும் அடிதான், கொடுத்தார். அது ஹோம் ரன்னாக, நம் சிக்ஸர் மாதிரி, போனது, ஆனாலும் 2-1 என்று ஜெயித்துவிட்டார். மொத்தக் கணக்கு 39 வெற்றி, 40 தோல்வி. அந்தக் கணக்கை வைத்து அவரை எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

புரட்சிக்குப் பிறகும் கியூபாவிலேயே இருந்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1999-ல் பால்டிமோர் அணி ஹவானாவுக்கு ஆட வந்தபோது, 87 வயதில் அவரைச் சம்பிரதாயத்துக்கு முதல் பந்து போடக் கூப்பிட்டார்கள். ஒரு பந்து போட்டுவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். இவர் பிட்சர் நின்று எறியும் அந்த மேட்டைவிட்டு இறங்கவில்லை. எதிரே மட்டையோடு நின்றவருக்கு அடுத்தடுத்துப் பந்து எறிந்துகொண்டே இருந்தார். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசிக் காலத்தில் ஹவானாவில் பேரன் வீட்டில் இருந்தார். பார்வை போய்விட்டது, காதும் மந்தம். வாயில் பற்றவைக்காத சுருட்டு. பழைய வீரர்களுக்கான பணம், கியூபா மீதான அமெரிக்கத் தடையால் இழுபறியாகி, நூறு வயது தாண்டிய பிறகுதான் கைக்கு வந்தது. அதில் எனக்கு இன்னமும் ஆற்றாமைதான். 2014-ல் காலமானார். 103 நிறைய இரண்டே நாள் இருந்தது.

அப்புறம், பொங்கலுக்கு நீங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும். பின்கட்டில் இருபத்திரண்டு கஜம் தேறும், அளந்து பார்த்துவிட்டேன். தோளுக்கு மல்லிகா காய்ச்சிய தைலம் இருக்கிறது. நீ பந்து போடு, நான் மட்டை பிடிக்கிறேன்.

உன்,
ராமநாதன்