தலைமை நிர்வாகியை யார் நியமிப்பது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகும் நகராட்சி விவகாரம் உன்னை விடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

நீ கேட்டிருந்தாய்: "இங்கிலாந்தில் ஒரு கவுன்சில் தலைமை நிர்வாகியைப் போடுவதில் தகராறு வந்தால், அரசு ஒரு உத்தரவு போட்டு ஆளை மாற்ற வேண்டியதுதானே? ஏன் வருடக்கணக்கில் இழுக்கிறார்கள்?" நம் ஊர்ப் பழக்கத்தில் வரும் கேள்வி இது. நம் மாநகராட்சி ஆணையர் மாநில அரசு அனுப்பும் ஆள். மேயருக்குப் பிடிக்கவில்லை என்றால் சென்னையில் பேசி மாற்றல் வாங்குவார்கள். இங்கிலாந்தில் தலைமை நிர்வாகி கவுன்சிலின், அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி மன்றத்தின், சொந்த ஊழியர். வேலை கொடுத்தது கவுன்சில், சம்பளம் கொடுப்பதும் கவுன்சில். அமைச்சர் கொடுக்காத வேலையை அவர் பறிக்க முடியாது. 'கமிஷனர்' என்றால் அங்கே வேறு அர்த்தம்: கவுன்சில் நிர்வாகத்தில் தோற்றுப்போன பிறகு அமைச்சர் வெளியிலிருந்து அனுப்பும் ஆள். இந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

நியமனம் எப்படி நடக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1989ஆம் ஆண்டு உள்ளாட்சி, வீட்டுவசதிச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி ஒவ்வொரு கவுன்சிலும் ஒருவரை 'ஹெட் ஆஃப் பெய்ட் சர்வீஸ்' ஆக, அதாவது ஊழியர் அனைவருக்கும் தலைவராக, நியமித்தே ஆக வேண்டும். பெரும்பாலும் தலைமை நிர்வாகிதான் அவர். அதே சட்டத்தின் 7ஆவது பிரிவு, தகுதி பார்த்துத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்கிறது. கவுன்சிலராக இருந்தவர் பதவி விலகி 12 மாதம் ஆகாமல் அதே கவுன்சிலில் சம்பள வேலைக்கு வர முடியாது. இது 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம்.

தேர்வுக் குழுவில் மேயர் அல்லது கவுன்சில் தலைவரின் அமைச்சரவையிலிருந்து, அதாவது கவுன்சிலை நடத்தும் கவுன்சிலர்களின் சிறு குழுவிலிருந்து, ஒருவராவது இருக்க வேண்டும். நேர்காணல் முடிந்து ஒரு பெயர் முடிவானதும், அமைச்சரவை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயரை அறிவித்து ஆட்சேபணைக்குக் கெடு கொடுக்க வேண்டும். ஆட்சேபணை வந்தால் அதில் சாரம் இருக்கிறதா என்று குழு பார்க்கும். அதன் பிறகும் வேலைக் கடிதம் கொடுக்க முடியாது. முழு கவுன்சிலும் கூடி ஒப்புதல் தர வேண்டும். சம்பளம் 1,00,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் அந்தத் தொகையையும் முழு கவுன்சிலின் ஓட்டுக்கு விட வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் கவுன்சில் நிறைவேற்றி வைக்கும் ஊதியக் கொள்கை அறிக்கைக்குள் அந்தத் தொகை அடங்கவும் வேண்டும்.

கோளாறு வருவது பெரும்பாலும் ஆள் யார் என்பதில் இல்லை, காகிதத்தில். கூட்ட அறிவிப்புக்கு ஐந்து முழு நாள் அவகாசம் வேண்டும். அறிவிப்பு வெளியான நாளும் கூட்டம் நடக்கும் நாளும் கணக்கில் வராது, சனி ஞாயிறும் வராது. கூட்டம் வியாழக்கிழமை என்றால் நிகழ்ச்சி நிரல் முந்தின வாரம் புதன்கிழமைக்குள் வெளியாகியிருக்க வேண்டும். இடையில் ஒரு அரசு விடுமுறை வந்தால் செவ்வாய்க்கிழமை. இதை விரல் விட்டு எண்ணாமல், "ஒரு வாரம் இருக்கிறதே" என்று விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பதாரரின் சொந்த விவரங்களைப் பேசும்போது பொதுமக்களை வெளியே அனுப்பலாம், ஆனால் அதற்கு முதலில் ஒரு தீர்மானம் போட வேண்டும். அதையும் மறப்பார்கள். நியமனத்தை எதிர்ப்பவரின் வக்கீல் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

வேல்ஸில் கேர்ஃபிலி கவுன்சில் நல்ல பாடம். அங்கே சட்ட விதிகள் கொஞ்சம் வேறு. தகராறும் நியமனத்தைப் பற்றியது இல்லை, சம்பள உயர்வைப் பற்றியது. ஆனாலும் நோய் ஒன்றுதான். 2012 செப்டம்பரில் ஒரு சிறு குழு உயர் அதிகாரிகளின் சம்பளத்தை உயர்த்தியது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று அடுத்த ஆண்டு வேல்ஸ் தணிக்கை அலுவலகம் சொன்னது. கூட்டம் முறைப்படி அறிவிக்கப்படவில்லை, பலன் பெறப்போகும் அதிகாரிகளே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். 2013இல் இடைநீக்கம் செய்யப்பட்ட தலைமை நிர்வாகியின் விவகாரம் 2019இல்தான் பணிநீக்கத்தில் முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவருக்குச் சம்பளம் போய்க்கொண்டே இருந்தது. அறையை விட்டு எழுந்து போகாததற்கு ஊர் மக்கள் கொடுத்த விலை அது.

அமைச்சர் வரும் முன் உள்ளேயே தடுப்புகள் உண்டு. முதலாமவர் 'மானிட்டரிங் ஆபீசர்', கவுன்சில் சட்டப்படி நடக்கிறதா என்று கவனிக்கும் அதன் சொந்த அதிகாரி. நடக்கப்போவது சட்டமீறல் என்று தோன்றினால் அவர் எழுத்தில் அறிக்கை கொடுக்கக் கடமைப்பட்டவர். 21 நாளுக்குள் கவுன்சில் அதை எடுத்துப் பேச வேண்டும், அதுவரை அந்த முடிவை நடைமுறைப்படுத்த முடியாது. பலமான ஆயுதம், ஆனால் அவரும் நாளைக்கு அதே தலைமை நிர்வாகியின் கீழ் வேலை செய்ய வேண்டியவர். அவரோ நிதி அதிகாரியோ அந்தப் பதவிக்குப் போட்டியிட்டால், அந்த நியமனத்துக்கு வெளியாளிடம் சட்ட ஆலோசனை கேட்பதுதான் முறை. இரண்டாமவர் வெளித்தணிக்கையாளர். அவர் எழுத்தில் சட்டப்படிப் பரிந்துரை கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் கவுன்சில் கூடிப் பதில் முடிவெடுக்க வேண்டும். பலர் உள்ளாட்சி ஆம்புட்ஸ்மனுக்கு, அதாவது மக்களின் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளருக்கு, எழுதி நேரத்தை வீணாக்குகிறார்கள். ஊழியர் நியமனமும் சம்பளமும் அவர் விசாரிக்கும் எல்லைக்குள் வராது. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றத்தில் நீதிப் புனராய்வு கேட்பதென்றால் தாமதமில்லாமல் போக வேண்டும், அதிகபட்சம் மூன்று மாதம்.

இனி நீ கேட்ட அரசாங்கம். அமைச்சரின் கையில் இருப்பது 1999ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம். தலைமை நிர்வாகியைப் பற்றி அதன் 15ஆவது பிரிவு தனியாக எதுவும் சொல்வதில்லை. மக்கள் பணத்துக்கு ஈடான நிர்வாகம் தரும் 'பெஸ்ட் வேல்யூ' கடமையில் கவுன்சில் தவறிவிட்டது என்று அமைச்சருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். அதற்காகப் பெரும்பாலும் முதலில் ஆய்வாளரை அனுப்புவார். எந்தக் கோப்பையும் கேட்க ஆய்வாளருக்கு உரிமை உண்டு, அவருடைய கட்டணத்தைக் கவுன்சிலே கட்ட வேண்டும். அறிக்கை வந்தபின், தலையிட உத்தேசித்திருக்கிறேன் என்று அமைச்சர் கடிதம் எழுதி, கவுன்சிலின் பதிலைக் கேட்பார். அவசரம் என்றால் மட்டும் அந்தப் படியைத் தாண்டலாம். பிறகுதான் உத்தரவும் கமிஷனர்களும். அப்போதுதான் மூத்த அதிகாரிகளை நியமிக்கும், நீக்கும் அதிகாரம் கவுன்சிலின் கையை விட்டுக் கமிஷனர்களிடம் போகும். 2023 அக்டோபரில் பர்மிங்ஹாமுக்குப் போன உத்தரவில் இது இருக்கிறது. ஐந்தாண்டு உத்தரவு அது.

லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் கதையை நீ கவனித்துப் படிக்க வேண்டும். மேயர் லுத்ஃபுர் ரஹ்மான் 2010இல் சுயேச்சையாக ஜெயித்தார். கவுன்சிலில் பெரிய கட்சி லேபர். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் தலைமை நிர்வாகிக்கு ஒப்புதல் தருவது கவுன்சில். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் நாற்காலி காலி. ஆண்டுக்கணக்கில் இடைக்கால ஏற்பாட்டிலேயே அலுவலகம் ஓடியது. 2014 டிசம்பரில் கமிஷனர்கள் வந்தபோது மானியம், சொத்து விற்பனை எல்லாம்தான் பெரிதாகப் பேசப்பட்டன. என் மனதில் நிற்பது அந்தக் காலி நாற்காலி. இடைக்கால ஆள் மேயரிடம் "இதைச் செய்யக் கூடாது" என்று சொல்லத் தயங்குவார். நாளைக்கு ஒப்பந்தம் நீளுமா என்று அவருக்கே தெரியாது. 'இல்லை' என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் மற்ற முறைகேடுகள் வளரும். அதனால் அரசின் மேற்பார்வை யாரை நியமித்தார்கள் என்று பார்ப்பதை விட, எவ்வளவு காலமாக யாரையும் நியமிக்கவில்லை என்று பார்க்க வேண்டும் என்பேன். ஆளைத் தேர்ந்தெடுப்பது அமைச்சரின் வேலை ஆகிவிட்டால், ஓட்டுப் போட்டவனுக்கு என்ன மிச்சம்?

வேண்டாத ஆளை வெளியேற்றுவது இன்னும் கடினம். 2015இல் விதி மாறியதிலிருந்து, இங்கிலாந்தில் ஒழுங்கு நடவடிக்கையாகத் தலைமை நிர்வாகியை நீக்க முழு கவுன்சிலின் ஓட்டு வேண்டும். அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தது 20 வேலை நாள் முன்பே, வெளியிலிருந்து வரும் சுயேச்சையான இருவராவது இடம்பெறும் குழுவை அமைத்துவிட வேண்டும். பேசி அனுப்பிவிடலாம் என்றால் சட்ட உரிமைக்கு மேல் கொடுக்கும் இழப்பீடு 1,00,000 பவுண்டு ஆனதும் அதையும் முழு கவுன்சிலின் முன் வைக்க வேண்டும் என்கிறது அரசின் வழிகாட்டுதல். ரகசியமாக முடிக்க வழியில்லை, அது நல்லதுதான்.

ஆணையர் நியமனத்தில் நம் மாமன்றத்துக்கும் ஒரு குரல் வேண்டும் என்று எழுதியிருந்தாயே, எந்தக் கட்டத்தில் அந்தக் குரல் வேண்டும் என்று நினைக்கிறாய்? பெயர் முடிவாகும் முன்பா, பின்பா? அதை விவரமாக எழுது. தேர்வுக் குழுவில் யார் யார் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
ரவி