இந்த வருஷம் தக்காளி நாத்து ஏன் குட்டையா இருக்கு? நம்ம கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

போன வாரம் கடைக்கு வந்த ரெண்டு மூணு பேர் பின்னாடி கராஜ் கதவு திறந்திருக்கிறத பாத்துட்டு உள்ள எட்டிப் பாத்திருக்கீங்க, பாத்துட்டு "என்னண்ணே இந்த வருஷம் நாத்து எல்லாம் சவலப் புள்ள மாதிரி இருக்கு, இலைக்கு அடியில ஊதா கலர் வேற அடிக்குது, ஏதாச்சும் நோயா"ன்னு கேட்டீங்க. அதுல ஒரு அக்கா நேரா முகத்துக்கு நேரா சொல்லாம எங்க வீட்டம்மாகிட்ட தனியா போய் சொல்லிட்டுப் போயிருக்காங்க. நோய் இல்லீங்க. வேணும்னே தான் அப்படி வளக்குறோம். ஏன்னு சொல்றதுக்கு தான் இந்த மடல், கொஞ்சம் நீளமா போகும், காபி போட்டுக்கிட்டு படிங்க.

முதல்ல போன வருஷ கதை. யாரு பெரிய தக்காளி வளக்குறாங்கன்னு நடத்துற நம்ம கடைப் போட்டிக்கு 34 பேர் சேந்தீங்க, நம்ம நியூஜெர்சி எடிசன்ல இருந்து மன்ரோ வரைக்கும். பெரிய தக்காளி நாத்து வாங்கினீங்க, மண்ணு வாங்கினீங்க, உரம் வாங்கினீங்க. கடைசியில ஜெயிச்ச தக்காளி 2 பவுண்டு 3 அவுன்ஸ். ஒரு கிலோ கூட முழுசா இல்ல. விதைப் பாக்கெட் மேல 4 பவுண்டு வரைக்கும் வரும்னு போட்டிருக்கே, நீங்க குடுத்தது டூப்ளிகேட் நாத்தான்னு சில பேர் கேட்டீங்க, ரெண்டு பேர் காசு திருப்பிக் கேட்டு வாங்கிக்கவும் செஞ்சீங்க, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நாத்து டூப்ளிகேட் இல்ல. தப்பு பண்ணது நாங்க. நாத்தோட ஒரு சின்ன பேப்பர் குடுத்தோம்ல, அதுல "முதல் பூங்கொத்த கிள்ளி எறிஞ்சிடுங்க, செடி நல்லா வேர் புடிக்கும்"னு நானே எழுதியிருந்தேன். சாதாரண தக்காளிக்கு அது ஒரு பழக்கம், நாங்களும் அப்படியே செஞ்சு வந்தோம். ஆனா பெரிய தக்காளி வேணும்னா, கிள்ளி எறிஞ்ச அந்த முதல் கொத்துல தான் விஷயமே இருந்திருக்கு. பரிசுத் தக்காளிய பூவுலயே குப்பைல போட வச்சிட்டேன். மன்னிச்சிடுங்க.

ஏன்னு சொல்றேன். வீட்டுல ஒரு தக்காளிய குறுக்க வெட்டிப் பாருங்க. சாம்பாருக்குப் போடுற நீட்டு ரோமா தக்காளில ரெண்டு இல்ல மூணு அறை தான் இருக்கும், விதையும் கொழகொழன்னு சாறும் அதுக்குள்ள. காட்டுத் தக்காளிக்கு ரெண்டே அறை, பழமும் பட்டாணி சைஸு. பீஃப்ஸ்டேக்னு சொல்ற பெரிய சதைப்பத்தான ரகத்த வெட்டினா அறை எத்தனைன்னு எண்ணி முடியாது. அறை கூடக் கூட தான் பழம் பெருசாகுது. அறை எத்தனைங்கிறது உரத்துல முடிவாகிற விஷயமே இல்ல, பூ மொட்டு உருவாகும்போதே முடிவாயிடும். அதுக்கப்புறம் நீங்க செடிக்கு பாலும் தேனும் ஊத்தினாலும் ஒரு அறை கூட ஏறாது, இருக்கிற அறை நல்லா ரொம்பும், அவ்வளவு தான்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. சில சமயம் நாலஞ்சு மொட்டு தனித்தனியா பிரியாம ஒண்ணா ஒட்டிக்கிட்டு ஒரே பூவா வரும். சாதாரண பூவுக்கு அஞ்சாறு இதழ்னா இதுக்கு பதினஞ்சு இருபதுன்னு இருக்கும், காம்பு உருண்டையா இல்லாம பட்டையா இருக்கும், பாக்க குட்டி டேன்டிலயன் மாதிரி அவலட்சணமா இருக்கும். போட்டிக்காரங்க இதுக்கு மெகாப்ளூம்னு பேர் வச்சிருக்காங்க. நாலு பழத்துக்கான அறை எல்லாம் ஒரே பழத்துக்குள்ள போயிடும். பெரிய பெரிய ரெக்கார்டு தக்காளி இந்த மாதிரி பூவுல இருந்து தான் வருது. நீங்க போன வருஷம் "பூ ஏதோ கோணலா இருக்கு"ன்னு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினீங்களே ஒருத்தர், பிளைன்ஸ்போரோக்காரர், நான் கூட "அத எடுத்துடுங்க சார்"னு பதில் போட்டேன், அந்த போட்டோவ இப்ப எடுத்துப் பாத்தா வயிறு எரியுது.

இந்த ஒட்டுப் பூ பெரும்பாலும் முதல் கொத்துல தான் வரும். காரணம் குளிர். நாத்துல நாலு இலை வர்றதுக்குள்ளயே முதல் கொத்துக்கான மொட்டு கண்ணுக்குத் தெரியாத சைஸுல உள்ள உருவாக ஆரம்பிச்சிடுது, அந்த நேரத்துல ராத்திரி கொஞ்சம் குளிரா இருந்தா பூவும் கூட வருது, பூவுல அறையும் கூடுது, ஒட்டுறதுக்கான வாய்ப்பும் கூடுது. அதனால இந்த வருஷம் விதை இலை விரிஞ்ச உடனே ட்ரே எல்லாத்தையும் கராஜுக்கு மாத்திட்டோம். பகல்ல லைட்டுக்கு அடியில கதகதப்பு, ராத்திரி 52ல இருந்து 55 டிகிரி ஃபாரன்ஹீட், மூணு வாரம். குளிருல வேர் பாஸ்பரஸ் சரியா இழுக்காது, அதான் இலைக்கு அடியில ஊதா. வெயில் வந்து மண்ணு சூடானதும் தானா பச்சையாயிடும். குட்டையா இருந்தாலும் தண்டு பென்சில் மாதிரி இருக்கு பாருங்க, நெட்டையா கொடி மாதிரி வளந்த நாத்த விட இது தான் காத்துக்கு நிக்கும். இப்படி வளத்தா எல்லா செடியிலயும் மெகாப்ளூம் வந்துடும்னு நான் சத்தியம் பண்ணல. வாய்ப்பு கூடும், அவ்வளவு தான். விலை போன வருஷம் 5 டாலர், இந்த வருஷம் 6. கராஜ்ல மூணு வாரம் ஹீட்டரையும் லைட்டையும் ஏத்தி எறக்கினதுக்கு அந்த ஒரு டாலர்.

ரகம் அதே பிக் ஜாக் தான். இதுல நமக்கு ஒரு பெருமை இருக்கு, இது நம்ம ஜெர்சி சரக்கு. பார்க்வே ஹைவே புடிச்சா பக்கத்துல இருக்கிற லாங் ப்ராஞ்ச்ல மினி ஜக்காரியான்னு ஒரு அம்மா வீட்டுத் தோட்டத்துல ரெண்டு பழைய ரகத்த சேத்து உண்டாக்கினது, அவங்க பேர்ல பாதிய தான் தக்காளிக்கு வச்சிருக்கு. யூனிவர்சிட்டில உண்டாக்கின ஜெர்சி தக்காளியும் இருக்கு, 1934ல வந்த ரட்கர்ஸ், சூப் கம்பெனிக்காக வந்த ரகம், ருசில அடிச்சுக்க முடியாது, ஆனா போட்டிக்கு ஆகாது. 1986ல ஓக்லஹோமால எட்மண்ட்ங்கிற ஊர்ல ஒருத்தர் டெலிஷியஸ் ரகத்துல 7 பவுண்டு 12 அவுன்ஸ் எடுத்தார், அந்த ரெக்கார்ட 28 வருஷம் யாராலயும் அசைக்க முடியல. 2014ல மினசோட்டால ஈலிங்கிற ஊர்ல ஒருத்தர் உடைச்சார், 8.41 பவுண்டு, எதுலன்னு நினைக்கிறீங்க, நம்ம பிக் ஜாக்ல. ஈலி எங்க இருக்குன்னு மேப்ல பாருங்க, கனடா பார்டர்கிட்ட. அந்தக் குளிர் ஊர்லயே முடியுதுன்னா நம்மளுக்கு என்ன. அப்புறம் 2020ல வாஷிங்டன் மாநிலத்துல வாலா வாலாவுல 4.896 கிலோ எடுத்தாங்க. கிட்டத்தட்ட 11 பவுண்டுங்க, அப்ப தான் பொறந்த குழந்தைய விட அதிகம். நாம அங்கெல்லாம் போக வேண்டாம், இந்த வருஷம் 4 பவுண்டு தாண்டினா போதும், நான் கடை வாசல்ல சரவெடி வெடிப்பேன். (சட்டப்படி வெடிக்கக் கூடாதுன்னு வீட்டம்மா சொல்றாங்க. சரி, கேசரி.)

போன வருஷ பழத்துல இருந்து விதை எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னவங்களுக்கு ஒரு வார்த்தை. பிக் ஜாக் ஹைப்ரிட். அடுத்த தலைமுறைல புள்ளைங்க ஒண்ணு போல இருக்காது, ஒண்ணு தாத்தா மாதிரி ஒண்ணு சித்தப்பா மாதிரி வரும். இடம் நிறைய இருந்தா போட்டுப் பாருங்க, ரெக்கார்டுக்காரங்க பல பேர் அப்படி நல்லது பொறுக்கிப் பொறுக்கி தான் மேல போறாங்க. ஆனா பேக்யார்ட்ல ரெண்டே செடிக்கு தான் இடம்னா ரிஸ்க் எடுக்காதீங்க.

இப்ப செய்ய வேண்டியது. ஜூன்ல முதல் கொத்து வரும்போது கிள்ளாம தினமும் போய் பாருங்க. பட்டைக் காம்பு, அடர்த்தியான இதழ்னு ஒண்ணு வந்தா அது தான் உங்க ராசா, அந்தக் கொத்துல மத்த மொட்டு எல்லாத்தையும் எடுத்துடுங்க. பூ நல்லா விரிஞ்சதும் வெயில் ஏறுற நேரம், பத்து மணிக்கு மேல, பழைய எலக்ட்ரிக் டூத் பிரஷ்ஷ ஆன் பண்ணி பூவோட காம்புப் பக்கம் ரெண்டு மூணு செகண்ட் வைங்க. தக்காளி மகரந்தம் உதறினா தான் கொட்டும், வண்டு அடிக்கிற ரீங்காரத்துக்குக் கொட்டுற மாதிரி பண்ணி வச்சிருக்கு, தேனீ வந்தா கூட அவ்வளவு பிரயோஜனம் இல்ல. ஒட்டுப் பூல எல்லா பாகமும் ஒரே நாள்ல தயாராகாது, அதனால மூணு நாலு நாள் தொடர்ந்து பண்ணுங்க, இல்லன்னா பாதிப் பக்கம் ஊதி பாதிப் பக்கம் சூம்பிப் போன பழமா வரும். ஜூலைல ராத்திரியும் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல நின்னுச்சுன்னா பூ புடிக்காம கொட்டும், அதுக்குள்ள காய் புடிச்சாகணும். முதல் கொத்த விடக்கூடாதுங்கிறதுக்கு இது ரெண்டாவது காரணம்.

காய் கோலிகுண்டு சைஸு வந்ததும் மனச கல்லாக்கிக்கிட்டு செடில இருக்கிற மத்த காய், வர்ற பூ எல்லாத்தையும் எடுத்துடணும். ஒரு செடி ஒரு காய். போன வருஷம் இத யாருமே செய்யலங்கிறது எனக்குத் தெரியும், "பாவம்ண்ணே, காய்ச்சத எப்படி கிள்றது"ன்னு சொன்னீங்க. அதுக்கு தான் ரெண்டு செடி வாங்குங்கன்னு சொல்றேன், ஒண்ணு போட்டிக்கு, ஒண்ணு சட்டினிக்கு.

உரம். இத நான் சொல்லக் கூடாது, கடைக்கு நஷ்டம், இருந்தாலும் சொல்றேன், போன வருஷம் வாங்கின அளவு வாங்காதீங்க. நைட்ரஜன் அள்ளிப் போட்டா இலை தான் வாழை மாதிரி வரும். ரட்கர்ஸ் யூனிவர்சிட்டில மண்ணு டெஸ்ட் பண்ணித் தர்றாங்க, கொஞ்சம் காசு தான், பண்ணிட்டு என்ன கொறையுதோ அத மட்டும் என்கிட்ட வந்து வாங்குங்க. காய் அடி கறுத்துப் போச்சுன்னு முட்டை ஓட்ட பொடி பண்ணி கொட்டினவங்க நிறைய பேர். ஓடு மக்கி மண்ணுல சேர வருஷக்கணக்காகும், உங்க மண்ணுல கால்சியம் பெரும்பாலும் ஏற்கனவே இருக்கு, அது தண்ணியோட தான் காய்க்குப் போகும், நீங்க வீக்கெண்ட்ல மட்டும் ஊத்திட்டு வாரம் பூரா ஆபீஸ்னு இருந்தா எப்படிப் போகும். தண்ணி ஒரே சீரா போகணும், வேர்ல வைக்கோல் மூடாக்கு போடணும். காய விட்டு திடீர்னு ஊத்தினா, இல்ல ஆகஸ்ட்ல ஒரு பேய்மழை அடிச்சா, பெரிய பழம் பட்டுன்னு வெடிக்கும். டெக்ல வளக்குறவங்க 5 கேலன் பக்கெட்ல போட்டுட்டு போட்டிக்கு வராதீங்க, 20 கேலன் துணிப் பையாவது வேணும். புல்வெளிக்கு களை மருந்து அடிச்சிருந்தா அந்தப் புல்ல மூடாக்கா போடாதீங்க, தக்காளி இலை எல்லாம் சுருண்டுக்கும். பக்கத்து வீட்டு வால்நட் மரம், அதுவும் கறுப்பு வால்நட்டா இருந்தா, அதுக்குப் பக்கத்துல நட்டா செடி வாடியே செத்துடும், மன்ரோல ஒருத்தருக்கு ரெண்டு வருஷமா அது தான் நடந்திருக்கு, நாங்க நோய்னு நினைச்சு மருந்து வித்துக்கிட்டு இருந்தோம்.

காய் ஒரு பவுண்டு தாண்டினதும் அதோட எடையே காம்ப மடக்கிடும், மடங்கினா சத்து போற வழி அடைஞ்சு போச்சு. அதனால முன்னாடியே தொட்டில் கட்டணும். கடைல வெங்காய மூட்டையோட சிகப்பு வலை குவிஞ்சு கிடக்கு, காசு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க. வலை அழுத்தி தோல்ல தடம் விழாம உள்ள பழைய வேட்டித் துணி ஒரு துண்டு வைங்க. மானுக்கும், பொந்து போட்டு செடியத் தின்னுற கிரவுண்ட்ஹாக்குக்கும் என்கிட்ட வைத்தியம் இல்ல, கம்பி வேலி தான். மிளகாத்தூள் தூவினேன்னு சொன்ன மாமி வீட்டுல அது மிளகாத்தூளோட சேத்து தின்னுட்டுப் போச்சு.

போட்டி விதில ரெண்டு மாத்தம். ஜூன்ல புடிச்ச காய் ரெண்டு மாசத்துல பழுத்துடும், நாங்க ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை தான் எடை போடுவோம்னு உக்காந்திருந்தோம், பிரிட்ஜ்ல வச்சு காத்திருந்து தண்ணி விட்டுப் போன பழம் போன வருஷம் மூணு. இந்த வருஷம் ஆகஸ்ட் மாசம் எல்லா சனிக்கிழமையும் காலைல 10ல இருந்து 1 வரைக்கும் எடை போடுறோம், போர்டுல எழுதி வைக்கிறோம். நிறம் மாற ஆரம்பிச்சிட்டா அதுக்கு மேல எடை பெருசா ஏறாது, பறிச்சு கொண்டாந்துடுங்க. ரெண்டாவது, காம்ப பழத்தோட ஒட்ட நறுக்கி தான் தராசுல வைப்போம். போன வருஷம் முதல் இடத்துக்கும் ரெண்டாவது இடத்துக்கும் ஒரு அவுன்ஸ் கூட வித்தியாசம் இல்ல, ஜெயிச்சவர் பழத்துல மூணு இன்ச் தண்டு நின்னுச்சு, அந்தப் பேச்சு இன்னும் முடியல, ரெண்டு குடும்பமும் தீபாவளிக்கு கடைக்கு வேற வேற நேரத்துல வந்தாங்க. தப்பு அவங்க மேல இல்ல, விதி எழுதாத எங்க மேல தான். ரெண்டு பேருக்கும் இந்த வருஷம் ஒவ்வொரு நாத்து ஃப்ரீ. தோல் கீறல் இருந்தா பரவால்ல, சாறு ஒழுகினா எடுத்துக்க மாட்டோம். பரிசு அதே 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்டை.

எடை போட்ட பழத்த என்ன பண்றதுன்னு கேப்பீங்க. ரசத்துக்கு சுமார் தான், புளிப்பெல்லாம் விதையச் சுத்தி இருக்கிற அந்த கொழகொழ சாறுல தான் இருக்கும், இதுல சதை ஜாஸ்தி. தொக்குக்கு அருமை, ஒரே பழத்துல ரெண்டு பாட்டில் வரும்.

நாத்து மதர்ஸ் டேக்கு அடுத்த சனிக்கிழமைல இருந்து குடுப்போம், அதுக்கு முன்னாடி எவ்வளவு கேட்டாலும் குடுக்க மாட்டேன், கடைசி உறைபனி போகட்டும். பேரும் எத்தனை செடின்னும் கவுன்ட்டர்ல இருக்கிற நோட்டுல எழுதிட்டுப் போங்க, இல்ல கடை வாட்ஸ்அப்ல ஒரு வரி போடுங்க. 120 செடி தான் இருக்கு. பழைய டூத் பிரஷ்ஷ தூக்கிப் போட்டுடாதீங்க.

அன்புடன்,
உங்க எடிசன் கடைக்காரனும் வீட்டம்மாவும்