துக்க வீட்டிலும் நட்சத்திரம்

வேலூர்,
14 டிசம்பர் 2025

அன்புள்ள தோழிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. "இந்த வருடம் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் பண்டிகை இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அண்ணன் போய் நான்கு மாதம்கூட ஆகவில்லை. உனக்கு எதிலும் மனம் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதலில் எங்கள் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பெரியவன் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குத்தானே போகிறான். ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதிலிருந்து அங்கே ஆர்டர் குறைந்துவிட்டது. முதலில் ஓவர்டைம் நின்றது. இப்போது வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமும் இதே பேச்சுதான். பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் புதுத்துணி எடுத்தோம். மருமகள் தனக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள், முகம் கோணவில்லை. அவளை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சடைக்கிறது.

போன வெள்ளிக்கிழமை இரவு எங்கள் தெருவுக்குக் கேரல் குழு வந்தது. நானும் கூடவே போனேன். தெருக்கோடியில் ஒரு வீடு. அந்த அம்மாவின் மகன் ஆடி மாதத்தில் நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டான். துக்க வீடு என்பதால் பையன்கள் டோலக்கை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் கடந்தார்கள். நம் வழக்கம் அதுதானே. அதற்குள் அந்த அம்மா வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "எங்கள் வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். யாருக்கும் பேச்சு வரவில்லை. பையன்கள் திரும்பி வந்து பாடினார்கள். கேட் கம்பியைப் பிடித்தபடியே நின்றிருந்தார் அவர். கடைசிச் சரணத்தில் அவர் குரலும் சேர்ந்தது. கம்மிப்போன குரல், ஆனால் சுருதி விலகவில்லை. பிறகு அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அன்றிலிருந்து உன் நினைவுதான். ஞாயிறு பள்ளி நாடகங்களில் ஏரோது அட்டைக் கிரீடத்தோடு வருவான், மேய்ப்பர்கள் பஞ்சு தாடியோடு வருவார்கள். பெத்லகேமில் அந்த ஏரோதிடம் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரை மட்டும் யாரும் மேடையேற்றுவதில்லை. சுவிசேஷம் எழுதிய மத்தேயு அவர்களை விட்டுவிடவில்லை. சாஸ்திரிகள் பொன்னையும் தூபவர்க்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் வைத்துவிட்டுப் போன அதே அதிகாரத்தில் தன் பிள்ளைகளுக்காக ராகேல் அழுகிறாள். அவள் ஆறுதலடையவில்லை என்றே எழுதியிருக்கிறது. அழாதே என்று அவளை யாரும் அதட்டவுமில்லை. லூக்காவை எடுத்துக்கொள். பிள்ளையைக் கையில் ஏந்தி தேவனை ஸ்தோத்திரித்த சிமியோன்தான், உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும் என்று மரியாளிடம் சொல்கிறார். முதல் கிறிஸ்துமஸிலேயே அழுகைக்கு இடம் இருந்திருக்கிறது, பார். அழுகிற வீட்டில் நட்சத்திரம் கட்டக் கூடாது என்பது ஊர் வழக்கம். வேதத்தில் அப்படி இல்லை. எனக்கு அந்த வழக்கம் ஒப்பவும் இல்லை.

நாம் பிறந்து வளர்ந்த ஊரையே பார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைத் தாங்க முடியாமல்தான் அமெரிக்க மிஷனெரியின் மகளான ஐடா ஸ்கடர் அம்மா மருத்துவம் படிக்கப் போனார். திரும்பி வந்து 1900இல் இங்கே வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு நம் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். இன்று ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். அந்த மூன்று பெண்களும் பிழைத்து வரவில்லை. அவர்களுக்காக அந்த அம்மா பட்ட துக்கத்தைக் கர்த்தர் வீணாக்கவும் இல்லை. நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். அண்ணனை நாம் மறுபடி பார்ப்போம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

உன்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. ஆராதனையில் அழுகை வந்தால் நன்றாக அழு; ஆனால் ஆராதனைக்குப் போ. மூன்றாம் வரிசையில் அண்ணன் உட்காரும் இடத்தைப் பார்க்க முடியாது என்றால் பின்னால் உட்கார்ந்துகொள். வீட்டுக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதே. நீ பலகாரம் செய்ய வேண்டாம், அது என் பொறுப்பு.

தம்பி மகன் 23ஆம் தேதி கோவை எக்ஸ்பிரஸில் காட்பாடியில் ஏறுகிறான். அதிரசமும் முறுக்கும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அதிரச மாவு பதமாக வந்திருக்கிறது, சுட்டால் ஒரு வாரம் தாங்கும். பரணில் இருக்கும் நட்சத்திரத்தை அவனை எடுக்கச் சொல், அவனுக்கு ஏணி வேண்டாம். பல்பு போயிருந்தால் வேறு வாங்கி மாட்டிவிட்டு வரும்படி அவனிடமே சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கும்போது நானே வருகிறேன்.

என்றும் உன்,
பள்ளித் தோழி