முக்கூடல் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

"மெலட்டோனின் மாத்திர போட்டா, உடம்பு பெருத்தவங்களுக்கும் கருமுட்ட நல்லா வருமாம்லா, வாங்கட்டுமாக்கா?" என்று போன வாரம் போனில் கேட்டாய். பிறகு சொல்லுதேன் என்று வைத்துவிட்டேன். லேபில் வேலை இருந்தது உண்மைதான். ஆனால் ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிகிற பதிலும் இல்லை அது. உன்னைப் போலக் கேட்கிற பெண்கள் பாளையங்கோட்டையில் தினமும் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். அதனால்தான் உன் பெயரை விட்டுவிட்டு, எல்லாரும் படிக்க எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கோயில் கொடைக்கு வந்த பெரியம்மை உன்னை முற்றத்தில் நிறுத்தி, "உடம்ப இப்பிடி ஏத்தி வச்சா புள்ள எப்பிடிட்டி தங்கும்?" என்று கேட்டதும், நீ அடுக்களைக்குள் போய் நின்றதும் எனக்கு இன்னும் ஆறவில்லை. எடைக்கும் கருமுட்டைக்கும் தொடர்பு உண்டு. அது உன் குணத்தின் குற்றம் இல்லை.

கருமுட்டை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா லட்சம் வாக்கில் இருக்கின்றன. உடம்பில் கொழுப்பு மிஞ்சும்போது முட்டைக்குள்ளும் அது சேர்கிறது. மைட்டோகாண்ட்ரியா திணறி, கேடு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்குகிறது. மரபுச் செய்தியைச் சுமக்கிற குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரித்து இழுக்கிற நூல்கள், வீரவநல்லூர் தறியில் பாவு சிக்கினாற்போலக் கோணிப்போகின்றன. அதனால் குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய கரு பெரும்பாலும் நிலைக்காது.

மெலட்டோனின் அந்த மூலக்கூறுகளைத் துடைக்கிறது. இருட்டினதும் மூளையின் பீனியல் சுரப்பி சுரக்கிற பொருள் அது. 1958-இல் அமெரிக்காவில் மாட்டின் பீனியலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். தூக்கத்துக்கு மட்டும்தான் என்று நாம் நினைத்திருந்தோம். கருமுட்டையைச் சூழ்ந்த திரவத்தில் அது ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கிறது. கொழுப்புத் தீனி கொடுத்துப் பருக்க வைத்த எலிகளுக்கு மெலட்டோனின் கொடுத்தபோது முட்டையின் சேதம் குறைந்து நூல்களும் ஒழுங்குக்கு வந்தன. எனக்கு நம்பிக்கை தருகிற சங்கதி இதுதான்.

ஆனால் எலி எலிதான், தங்கச்சி. முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவுற வைக்கிற ஐ.வி.எஃப் சிகிச்சையில் முட்டைகள் சரியாகக் கருவுறாத பெண்களுக்கு ஜப்பானில் இரவில் 3 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள்; அடுத்த முறை கூடுதல் முட்டைகள் கருவுற்றன. ஆஸ்திரேலியாவில் 160 பெண்களிடம் செய்த சோதனை 2018-இல் வெளிவந்தது. அதில் கர்ப்பம் தரிப்பது கூடவில்லை. இரண்டுமே பருமனான பெண்களுக்கென்று தனியாக நடத்தியவை அல்ல. அதனால் மெடிக்கலில் நீயாக வாங்காதே. டாக்டர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் போடு.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. உன் உடம்பே காசில்லாமல் தருகிற மெலட்டோனினை நீ வாங்கிக்கொள்வதில்லை. ராத்திரி பதினொரு மணி வரை டியூப்லைட்டுக்கு அடியில் பீடி சுற்றுகிறாய். அப்புறம் படுத்துக்கொண்டு போன். கண்ணில் வெளிச்சம் விழுந்தால் பீனியல் சுரப்பதைக் குறைத்துவிடும். ஆயிரம் பீடிக் கணக்கு முடியாவிட்டால் பீடிக்கடையில் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும், அம்மை சுற்றி வளர்த்த பிள்ளைதானே நானும். இருந்தாலும் இலையைச் சாயங்காலமே வெட்டி வைத்துவிட்டு, பத்து மணிக்கு விளக்கை அணைத்துப் படு. மிச்சத்தை விடியற்காலம் எழுந்து சுற்று. தூள் இருக்கிற தட்டு, படுக்கிற அறையில் வேண்டாம். சுற்றி முடித்ததும் ஆற்றங்கரை வரை நட. 82 கிலோவில் நாலு முதல் எட்டு கிலோ இறங்கினாலே பல பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காகி முட்டை வெளிவருகிறது. அது மாத்திரையைவிட உறுதியாகத் தெரிந்த விஷயம்.

ஒரு முட்டை முதிர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். இன்றைக்குத் தொடங்கினால் பலன் அதற்கப்புறம்தான். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லையே என்று அழாதே.

வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அஞ்சு வருஷமாக உனக்கு மட்டும்தான் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள், அவருக்கு ஒன்றுகூட எடுக்கவில்லை. அவர் கூச்சப்பட்டால் போனை அவரிடம் கொடு, நான் பேசுகிறேன்.

உன் அக்கா