பொற்பனைக்கோட்டை மண்மதிலைச் சுற்றி அளக்க நன்கொடை வேண்டுகோள்

பொற்பனை முனீஸ்வரர் துணை

அன்புடையீர், வணக்கம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நம் கோட்டை மதிலை முழுச் சுற்றும் அளந்து முடிக்க வேண்டும். மழை இறங்கினால் அகழியில் தண்ணீர் கட்டிவிடும். மதிலின் அடி தெரியாது. பிறகு மாசி வரை காத்திருக்க வேண்டும். ஆகும் செலவு 4,80,000 ரூபாய். கையில் இருப்பது 3,15,000. குறைவது 1,65,000.

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு மண்மேடு என்று இதை நினைத்த காலம் போய்விட்டது. ஏறத்தாழ 45 ஏக்கர் கோட்டை; சுற்றளவு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். அகழி, மண்மதில், மதில்மேல் செங்கல் கட்டு. இரும்பு உருக்கிய கசடு இன்றும் காலில் இடறுகிறது. 2012இல் ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், மாண்ட வீரனின் நடுகல் பழந்தமிழ் எழுத்தான தமிழியோடு இங்கே கிடைத்தது. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. 2023இல் மாநிலத் தொல்லியல் துறை வந்தது. பனை பொன்னாய்க் காய்த்தது என்று அப்பத்தா சொன்னதைக் கதை என்றோம். துறை தோண்டிய குழியில் அரை கிராம்கூட எடையில்லாத பொன் மூக்குத்தி வெளிவந்ததைக் கேட்டு ஊர்ப் பெரியவர்கள் கண் கலங்கினார்கள்.

நாங்கள் ஒரு கூடை மண்ணும் தோண்டப்போவதில்லை. அது துறையின் வேலை. மதிலை மூடியிருக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டி, மேடு பள்ளத்தை அளந்து, வரைபடம் போட்டுத் துறையிடம் கொடுப்போம். ஜேசிபி விட்டால் வேரோடு மதிலும் பெயர்ந்து வரும். அதனால் தரைமட்டத்தில் கையால்தான் வெட்ட வேண்டும். அந்தக் கூலி மட்டும் 2,60,000. அளவைக் கருவி வாடகை, அளவையாளர் சம்பளம் 1,50,000. வரைபடம், அறிவிப்புப் பலகை 70,000.

இதுவரை கொடுத்தவர்களுக்குக் கைகூப்பி நன்றி. சிங்கப்பூரிலிருந்து மாதம் தவறாமல் அனுப்பும் தம்பிகளுக்கும், மாலை நேரத்தில் வந்து முள் அள்ளும் பள்ளிப் பிள்ளைகளுக்கும், தேநீர்க் காசு வாங்க மறுத்த கடைக்காரருக்கும் நன்றி. நூறு நாள் வேலைக் கூலியில் 500 ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த ஆத்தாவை எப்படி மறப்போம்?

கிடாவெட்டுக்கு வரி கேட்டால் மறுநாளே தருகிறோம். முனி காவல் நிற்கும் கோட்டைக்கு மூன்றாவது முறை கேட்கிறோம். மதில் செங்கல்லை மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துப்போனதும் நம் வீட்டார்தான். அந்தக் கடனும் இருக்கிறது.

புரட்டாசி கடைசிச் சனிக்குள், கோயில் வாசலில் குழுவிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பணம் இல்லாதவர்கள் அரிவாளோடு ஞாயிறு காலை 6 மணிக்கு மேற்கு மதிலுக்கு வரலாம்.

இப்படிக்கு,
பணிக்குழுவினர்