ரேங்க் கார்டை இந்த முறை நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

காலாண்டுத் தேர்வு ரேங்க் கார்டை இந்த முறை பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பப் போவதில்லை. காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கார்டு வீட்டுக்குப் போன மறுநாள் சில பிள்ளைகள் கையிலும் காலிலும் தடிப்போடு வருகிறார்கள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர், நல்ல மனதோடுதான், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்கிறார். பள்ளியில் அடிக்கக் கூடாது என்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே தெளிவாகச் சொல்லிவிட்டது, மீறினால் எங்கள் மேல் நடவடிக்கை வரும். ஆக இங்கே அடி கிடையாது. மிச்சம் இருப்பது வீடு.

வீட்டில் அடி வாங்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். போர்டை அழிக்க டீச்சர் கையைத் தூக்கினால் முதல் பெஞ்சில் ஒரு முழங்கை முகத்தை மறைக்க எழும். கணக்கு தப்பானால் என்ன தப்பு என்று கேட்காமல் அந்தப் பக்கத்தையே கிழித்து டவுசர் பையில் திணித்துக்கொள்ளும். போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் காதைத் திருகி, "இனிமே செய்வியா? சொல்லு, செய்வியா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தோரணை எட்டு வயதுப் பையனுடையது இல்லை.

"நாங்கள்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்?" என்பீர்கள். சரி. உங்களோடு அடி வாங்கி, அஞ்சாவதோடு படிப்பை விட்டு ஓடிப்போனவனையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள், அவன் இந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. அமெரிக்காவில் கெர்ஷாஃப், கிரோகன்-கெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஐம்பது வருட ஆய்வுகளை, ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். பெல்ட் அடி இல்லை, வெறும் கையால் பின்பக்கம் ரெண்டு வைப்பதைப் பற்றித்தான். அடி அதிகமான பிள்ளைகளிடம் எதிர்த்து நிற்பதும் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும்தான் அதிகமாகத் தெரிந்தன, சொல்பேச்சு கேட்பது கூடியதாகத் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பயந்த பிள்ளை தப்பிக்கிற வழியைத்தான் யோசிக்கும், ஏழாம் வாய்ப்பாட்டை இல்லை. அப்பா கையெழுத்தைத் தானே போடக் கற்றுக்கொள்வதும் அப்படித்தான், சில கையெழுத்துகள் அசலைவிட அழகாக இருக்கின்றன.

இன்னொன்று. பல வீடுகளில் கரண்டியை எடுப்பது அம்மாதான். ஆனால் "நீ வளர்த்த லட்சணம்" என்று வீட்டுக்காரரோ மாமியாரோ சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில் எடுப்பது. அதனால் அம்மாக்களுக்கு மட்டும் அறிவுரை சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அப்பாக்களும் வாருங்கள்.

சூடு வைப்பது, சார்ஜர் ஒயரால் விளாசுவது, இதெல்லாம் கண்டிப்பு இல்லை. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் பெற்றவர்களுக்கும் தண்டனை உண்டு. அப்படி எதையாவது பார்த்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லிவிடுவோம். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மார்க் குறைந்திருந்தால் அன்று ராத்திரி எதுவும் பேசாதீர்கள். மறுநாள் விடைத்தாளை விரித்து வைத்து, எந்தக் கணக்கு வரவில்லை என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கும் அந்தக் கணக்கு வராது என்றால் டீச்சரிடம் அனுப்புங்கள், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மாலை 4 மணியிலிருந்து 7 வரை கார்டு தருவோம். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஹார்பரில் ஷிப்ட் போகிறவர்கள் காலை 8 மணிக்கே வரலாம், நான் இருப்பேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
வியாசர்பாடி, சென்னை