ஹேவர்டு வரியின் வெற்றுக் கட்டம்: போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆவணக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆவணக் குழுவினருக்கு வணக்கம்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் (PostgreSQL) தரவுத்தள மென்பொருளுக்கான உங்கள் ஆவணத்தில், பயிற்சிப் பகுதியின் 2ஆம் அத்தியாயத்தில், வானிலையைப் பதியும் ‘வெதர்’ டேபிளில் மூன்றே வரிகள். சான் பிரான்சிஸ்கோவுக்கு 1994 நவம்பர் 27, 29 என இரண்டு. ஹேவர்டுக்கு 29 மட்டும். ஹேவர்டின் மழையளவு தரப்படவில்லை, ஆகவே அது ‘நல்’ (null), அதாவது மதிப்பில்லாத வெற்றுக் கட்டம். குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் கையிலேயே இருக்க, அங்குள்ள ‘வேர்’ (WHERE, வரிகளை வடிகட்டும் நிபந்தனை) எடுத்துக்காட்டு சான் பிரான்சிஸ்கோவோடு நின்றுவிடுகிறது.

‘பிஆர்சிபி’ (prcp) என்பது மழையளவு. அந்த ஊர் நிபந்தனையை எடுத்துவிட்டு, ‘பிஆர்சிபி > 0’ என்று கேளுங்கள்: ஒரு வரி. அதற்கு முன்னால் ‘நாட்’ (NOT, எதிர்மறை) போடுங்கள்: மறுபடி ஒரே வரி. மூன்றாவது எங்கே? நல்லோடு ஒப்பிட்டால் விடை ‘ஆம்’ என்றும் வராது, ‘இல்லை’ என்றும் வராது. ‘ஆம்’ என்று வரும் வரியை மட்டுமே ஏற்கும் ‘வேர்’ இரண்டு முறையும் ஹேவர்டை உதறிவிடும். ‘(பிஆர்சிபி > 0) இஸ் நாட் ட்ரூ’ (விடை ‘ஆம்’ அல்லாதவை) என்றால் இரண்டு வரிகள் வரும். மூன்று விடைகளையும் அடுத்தடுத்து அச்சிட்டால் விளக்கமே வேண்டாம். குவெரியை ஓட்டும் பிஎஸ்க்யூஎல் (psql) நிரல் நல்லை வெற்றிடமாகக் காட்டுவதால், முதலில் ‘\பிசெட் நல்’ கட்டளையை வைத்து அதற்கொரு குறி கொடுத்துவிடுங்கள்.

ஒரு பட்டியலில் இல்லாதவற்றைக் கேட்கும் ‘நாட் இன்’ (NOT IN) இன்னும் மோசம். பட்டியலில் நல் இருந்தால் ‘இதில் இல்லை’ என்று உறுதிசொல்ல முடியாது என்ற விதியை 9ஆம் அத்தியாயம் சரியாகவே சொல்கிறது, ஆனால் வெறும் உரைநடையில். ஊர்களின் பெயரும் இருப்பிடமும் கொண்ட ‘சிட்டீஸ்’ டேபிளில் இல்லாத ‘வெதர்’ ஊர்களை ‘நாட் இன்’ கொண்டு கேட்டால் இப்போது ஹேவர்டு வரும். பெயர் நல்லாக ஒரே ஒரு வரியைச் சிட்டீஸில் சேர்த்தால் விடை பூஜ்யம் வரிகள், பிழைச்செய்தியும் கிடையாது. பொருந்தும் வரி இல்லையா என்று பார்க்கும் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ (NOT EXISTS) அப்போதும் ஹேவர்டைத் தரும். முடிந்ததும் அந்த வரியை ‘நேம் இஸ் நல்’ (பெயர் நல்லாக உள்ளது) என்று நீக்க வேண்டும்; ‘நேம் = நல்’ என்றால் எதுவும் நீங்காது என்பதையும் அங்கேயே காட்டலாம். இந்த எடுத்துக்காட்டு 2ஆம் அத்தியாயத்திலேயே இருக்கட்டும். 3இல் ‘நேம்’, ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாகிவிடுகிறது; அங்கே நல் நுழையாது.

போகிற போக்கில்: ‘சிட்டீஸ்’ டேபிளில் சான் பிரான்சிஸ்கோவின் இருப்பிடம் -194, 53 என்றிருக்கிறது. தீர்க்கரேகை 180ஐத் தாண்டுவதில்லை.

இவற்றைப் பேட்ச்சாக்கும்போது (திருத்தமாகச் சேர்க்கும்போது) அத்தியாயத்தின் மூலமான ‘குவெரி.எஸ்ஜிஎம்எல்’ கோப்பு மட்டும் மாறினால் போதாது. வாசகர் ஓட்டிப் பார்க்கும் ஸ்கிரிப்ட் ‘பேசிக்ஸ்.சோர்ஸ்’ கோப்பிலிருந்து உருவாகிறது. அதைத் தொடாமல் விட்டால் அவர் திரையில் வருவதும் பக்கத்தில் இருப்பதும் வேறுவேறாகிவிடும்.